டாக்கீஸில் மாவு திரிப்பவள்

ஆலங்கட்டளையில் யாரிடமாவது வழி கேட்டால், அங்கே இல்லாத ஒன்றைத்தான் அடையாளமாகச் சொல்வார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, பழைய பாலத்துப் பக்கம் திரும்பி, போஸ்டாபீஸைத் தாண்டி, டாக்கீஸுக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது வீடு என்பார்கள். பழைய பாலத்தை ஆற்று வெள்ளம் கொண்டுபோய் முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. போஸ்டாபீஸ் கூரை சரிந்து, தபால் எல்லாம் பக்கத்து ஊருக்குப் போன பிறகு, அந்த இடத்தை வாங்கி மாசிலாமணி வீடு கட்டிக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. டாக்கீஸ் படம் ஓட்டுவதை நிறுத்தி, தகரத்தைப் பிரித்து, பெஞ்சுகளை விறகுக்கு விற்று, திரை கட்டிய சுவரையும் கடைசியில் இடித்துப் போட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. வெளியூர்க்காரர்கள் வெயிலில் அரை நாள் பாலத்தைத் தேடி அலைந்துவிட்டு, புதுப் பாலத்தில் வந்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றி உதறுவார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைப் பார்த்து, "இவ்வளவு தெளிவாச் சொல்லியும் வழி தெரியாம நிக்காவளே" என்று வருத்தப்படுவார்கள்.

டாக்கீஸ் இருந்த இடத்தில் ராஜபுஷ்பத்தின் மாவு மில் இருந்தது. மிளகாய்க்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று என்று மூன்று மெஷின்கள். வாசலுக்கு மேலே நீலத் தகரத்தில் மஞ்சள் எழுத்தில், இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு போர்டு: ராஜபுஷ்பம் மாவு மில். மும்பையில் இட்லிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து போகிற அவள் புருஷன் சேர்மக்கனி, போர்டில் சாமி பேரைப் போட்டால் நல்லது என்று போனில் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. பிறந்த வீட்டில் அவள் நடுவுள்ளவ, வாக்கப்பட்ட வீட்டில் சின்ன மருமவ, தெருவில் சேர்மக்கனி பொண்டாட்டி. ராஜபுஷ்பம் என்று ஒருத்தி இருப்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் போர்டு எழுதுகிறவர் வந்தபோது, முதல் எழுத்தின் வளைவிலிருந்து கடைசி எழுத்தின் புள்ளிவரை அவள்தான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் போர்டை ஊரில் ஒருவரும் வாசிக்கவில்லை. "டாக்கீஸ்ல கோதுமை குடுத்துட்டு வாரேன்" என்றார்கள். "டாக்கீஸ்ல இன்னைக்கு மொளகா திரிக்காவளா, அரிசி திரிக்காவளா?" என்றார்கள்.

"டாக்கீஸ்ல படந்தான் ஓட்டுவாவ. மாவு மில்லுலதான் மாவு திரிப்பாவ. இம்புட்டுப் பெரிய போர்டு எதுக்குத் தொங்குது, காக்கா உக்காரவா?" என்பாள் ராஜபுஷ்பம், மாவு படிந்த புருவத்தைத் தூக்கிக்கொண்டு.

"கோவப்படாத மைனி. எல்லாருக்கும் வெளங்கணும்லா, அதுக்காவத்தான் டாக்கீஸுங்கோம்" என்பார்கள் மாவு திரிக்க வந்தவர்கள்.

இதில் சுடலைக்கண்ணு வேறு. டாக்கீஸ் இருந்த காலத்தில் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர். இப்போதும் சாயங்காலமானால் மில் வாசலில் வந்து நிற்பார். ராஜபுஷ்பம் வரிசைக்காக நம்பர் எழுதிக் கொடுக்கிற அட்டைத் துண்டை யார் கொண்டுவந்தாலும் வாங்கிப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறு பாதியை அவர்களிடம் கொடுத்து, "உள்ள போங்க" என்பார். ஏழும் எழுபதும் கிழிந்து ஒன்றாகிப்போய், யார் மாவு யாருக்கு என்று தெரியாமல் தினமும் ஒரு சண்டை நடக்கும்.

இப்படி நாள் போய்க்கொண்டிருக்கையில், ஒரு ஆவணிச் செவ்வாய்க்கிழமை காலையில் பழைய பாலம் திரும்பி வந்தது.

வருவதற்கு மூன்று நாள் முன்பே ஆற்றில் சத்தம் கேட்டது. தடுக்க எதுவும் இல்லாத இடத்தில் தண்ணீர் தூணில் மோதுகிற மாதிரி மோதி, சுற்றி, நுரைத்துப் போயிற்று. செவ்வாய்க்கிழமை குளிக்கப் போன பெண்கள், ஏழு வளைவுக் கண்களோடு கல் பாலம் நிற்பதைப் பார்த்தார்கள், அதன் நிழலில் நின்று தலைக்குச் சோப்பு போட்டார்கள், வீட்டுக்கு வந்து, "பழைய பாலம் வந்துருக்கு, துணி காயப்போட வசதியா இருக்கு" என்றார்கள். மத்தியானத்துக்குள் ஊரே போய்ப் பார்த்துவிட்டது. பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரு குறை இருந்தது. மூன்றாவது தூணில் இருந்த பழைய விரிசல் அப்படியே இருந்தது. நடுவில் சைக்கிள் சக்கரம் மாட்டுகிற குழிகூட மாறாமல் வந்திருந்தது. டிராக்டர் ஓட்டுகிறவர்கள் ஒரு டிராக்டரை ஏற்றிப் பார்த்தார்கள், இரண்டு பக்கமும் உரசி அது நடுவில் மாட்டிக்கொண்டது, ஏழு பேர் சேர்ந்து பின்னால் இழுத்தார்கள்.

"வந்ததுதான் வந்துச்சு, ரெண்டடி அகலமா வந்துருந்தா என்ன?" என்றார் பிரசிடெண்டின் புருஷன் ஞானசிகாமணி. பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் அவர் மனைவி என்றாலும், அலுத்துக்கொள்ளும் வேலையை எல்லாம் அவர்தான் செய்வார்.

ஜீப்பில் வந்த அதிகாரி நாடாவைப் பிடித்து அளந்தார், பதிவேட்டைப் புரட்டினார், இந்தப் பாலம் இல்லாமல் போய்விட்டதாக எழுதிக் கையெழுத்தாகி இருப்பதால் இல்லாத பாலத்தின் விரிசலைப் பூச வழியில்லை என்று சொல்லிவிட்டு, புதுப் பாலம் வழியாகத் திரும்பிப் போனார். பத்து நாளில் பழைய பாலத்தில் மிளகாய் காய்ந்தது, சீட்டாட்டம் நடந்தது, ஆடுகள் படுத்தன. ஆட்டுப் புழுக்கையை யார் கூட்டுவது என்பதில் மேலத்தெருவும் கீழத்தெருவும் பேச்சை நிறுத்திக்கொண்டன. பாலம் எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

புரட்டாசியில் போஸ்டாபீஸ் வந்தது. மூன்று நாளாக மாசிலாமணி வீட்டில் அரக்கு உருகுகிற வாசனை அடித்தது. நாலாம் நாள் விடிந்து மாசிலாமணியின் மனைவி அன்னக்கிளி எழுந்து பார்த்தால், ஹாலுக்கு நடுவே கம்பி போட்ட கவுண்டர் நிற்கிறது, சுவரில் சிவப்புப் பெட்டி தொங்குகிறது, அடுக்களை இருந்த இடத்தில் மூட்டை கட்டுகிற அறை இருக்கிறது. அடுக்களையைக் காணோம். அடுப்பு, அலமாரி, முந்தின நாள் மீன் குழம்பு வைத்து மூடியிருந்த மண்சட்டி, ஒன்றையும் காணோம்.

"அடுக்களை போனாப் போவுது. அந்தச் சட்டி பழகுன சட்டி. அதுல வச்சாத்தான் கொழம்புக்கு ஒரு இது உண்டு" என்று அன்னக்கிளி வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியபடி அழுதாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் கவுண்டரில் கிடந்த தராசைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து பூண்டு நிறுக்க வந்தார்கள், பசை தொட்டுப் பிள்ளைகளின் நோட்டு ஒட்ட வந்தார்கள், நிழலாக இருக்கிறதென்று வந்தார்கள். மாசிலாமணி சட்டை போடாமல் தன் வீட்டு ஹாலில் நடக்க முடியாமல் ஆனார்.

ராஜபுஷ்பம்தான் அதை முதலில் சொன்னாள். அன்னக்கிளிக்குக் கொஞ்சம் அரிசி மாவு கொடுக்க வந்தவள், கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"ஒம்போது வருசமா ஒன் வீட்டப் போய் எல்லாரும் போஸ்டாபீஸுன்னே கூப்புட்டாவ. கூப்புட்டுக்கிட்டே இருந்தா, அது வராம என்ன செய்யும்?"

சொல்லி முடித்ததும் கம்பியை விட்டுவிட்டு, தன் மில் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஐப்பசி பிறந்த நாலாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, அவள் அரிசி மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, பின்சுவரில் ஓட்டையே இல்லாத இடத்திலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பியது. கிளம்பும்போது கையகலமும், முன்சுவரைத் தொடும்போது கட்டில் அகலமுமாக, பறக்கிற மாவுக்குள் சாய்வாக நீண்டு நின்றது. பீடியும் வறுகடலையும் கலந்த வாசனை வந்தது. வாசலில் சுடலைக்கண்ணு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "இன்னும் நேரம் இருக்கு, பொறுங்க, பொறுங்க" என்று வெறும் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

ராஜபுஷ்பம் மெஷினை நிறுத்திவிட்டு நேரே ஞானசிகாமணி வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலமே பழைய பாலத்தில் கூட்டம் போட்டார்கள், உட்கார வசதியாக இருந்ததால்.

"எம் மில்லு போனா, அன்னக்கிளி அக்கா அடுக்களை போன எடத்துக்குப் போயிரும். அங்கருந்து எதுவும் வந்ததில்ல" என்றாள் அவள். "நான் கேக்கது ஒண்ணுதான். இனிமே யாரும் அந்தப் பேரச் சொல்லாதிய. போர்டுல உள்ள பேரச் சொல்லுங்க."



"வரட்டுமே மைனி" என்றான் இளவட்டங்களில் ஒருவன். "டாக்கீஸ் வந்தா படம் பாக்கலாம்லா? மாவு பாக்கெட்ல விக்கான்."

"பாக்கெட் மாவுல முறுக்குச் சுட்டுப் பாரு, ஒன் பல்லுதான் உதுரும்" என்றாள் அன்னக்கிளி.

"போர்டுல உள்ள பேரு ரொம்ப நீளமா இருக்கே" என்றார் ஞானசிகாமணி. "ராச... புஷ்பம்... மாவு... அதுக்குள்ள பஸ் போயிரும்." பிறகு அவரே ஒரு வழி சொன்னார். யாரும் டாக்கீஸ் என்று சொல்லக் கூடாது, 'அந்த எடம்' என்று சொன்னால் போதும். எல்லாரும் கைதூக்கினார்கள். அவ்வளவு சுருக்கமாக ஒரு கூட்டம் முடிந்ததில் எல்லாருக்கும் திருப்தி.

மறுநாளிலிருந்து ஊர் 'அந்த எடம்' என்றது. சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, கண்ணைச் சுருக்கி, எந்த இடம் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும் என்கிற ஒரு சிரிப்போடு சொன்னார்கள். இதற்கு முன்னால் டாக்கீஸ் என்று சொல்லும்போது யாரும் டாக்கீஸை நினைத்ததில்லை. இப்போது 'அந்த எடம்' என்று சொல்கிற ஒவ்வொருவர் மனதிலும், தகரக் கூரையும் மணல் குவித்த தரை டிக்கெட்டும் இடைவேளை மணியும் முழுசாக வந்து நின்றன. மூன்றாம் நாள் வெளிச்சத்துக்குள் தலைகளின் நிழல் தெரிந்தது. மிளகாய் மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் விக்கி விக்கி அழுதாள். திறந்து பார்த்தால் மிளகாய்தான் இருந்தது.

"இந்த ஊருக்கு ஒண்ணச் சொல்லி வெளங்க வைக்கதுக்குப் பதிலா, செவுத்துல போய் முட்டிக்கிடலாம்" என்று ராஜபுஷ்பம் அன்னக்கிளியிடம் சொன்னாள். "முட்டுத வரைக்கும் செவுரு இருக்கணுமேட்டி" என்றாள் அன்னக்கிளி.

இது போதாதென்று பஸ் இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை வருகிற டவுன் பஸ் மில்லுக்கு நேர் எதிரே நிற்கும். கண்டக்டர் படியில் நின்று, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, "டாக்கீஸ்! டாக்கீஸ் எறங்கு! டாக்கீஸ்!" என்பார். அவர் வெளியூர்க்காரர், பஞ்சாயத்துத் தீர்மானம் அவரைக் கட்டுப்படுத்தாது. ராஜபுஷ்பம் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள்.

"யம்மா, நானா பேரு வைக்கேன்? டிக்கெட் மெஷின்ல டாக்கீஸுன்னுதான் வருது, பாருங்க" என்று டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். "ஒங்க மில்லுப் பேர நான் கத்துனா, ஒரு ஆளு எறங்கமாட்டான். எல்லாரும் அடுத்த ஊருக்குப் போயிருவாவ. அப்பொறம் அவுகள நீங்களா கூட்டிட்டு வருவிய?"

ஆறாம் நாள் வெளிச்சம் சுவரை நிறைத்துவிட்டது. அரிசி மெஷினுக்குப் பின்னால் மணல் குவிந்திருந்தது. கோதுமை மெஷினைத் தொட்டால் கை கொஞ்சம் உள்ளே போயிற்று, கெட்டியான மோருக்குள் போவது போல. அவள் வாசலில் வந்து நின்று போர்டை அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் எழுத்துக்கு அடியில் ஏதோ ஒரு படத்தின் போஸ்டர் தெரிந்தது, யாரோ ஒருத்தியின் பெரிய கண். அப்போது மூன்றரை மணி பஸ் வந்து நின்றது.

"டாக்கீஸ்!"

மூன்று நாளாகத் தூங்கவில்லை, மாவு வாங்க ஆள் வரவில்லை, வந்தவர்களும் அழுகைச் சத்தம் எந்தப் படத்தில் வருவது என்று பந்தயம் கட்டிவிட்டுப் போனார்கள். ராஜபுஷ்பத்துக்குத் தலைக்குள் எதுவோ அறுந்தது. இடுப்பில் கைவைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி அவளும் கத்தினாள்.

"என்ன? என்னாங்கேன்? எதுக்கு இப்படிப் போட்டுக் கூப்புடுதிய? இங்கனதான நிக்கேன்!"

கண்டக்டர் திடுக்கிட்டு விசிலை விழுங்கப் பார்த்தார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். மில்லுக்குள்ளே, ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தபோது வெளிச்சம் கட்டில் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. போர்டில் கண்ணைக் காணோம்.

அடுத்த பஸ்ஸுக்கு அவள் காத்து நின்றாள். "டாக்கீஸ்!" என்றதும் "என்ன?" என்றாள். வெளிச்சம் கையகலம் ஆயிற்று. பாலத்தையும் போஸ்டாபீஸையும் இத்தனை வருஷமாக அத்தனை பேர் கூப்பிட்டார்கள், ஒரு ஆள் 'என்ன' என்று கேட்கவில்லை, கூப்பிட்ட குரலுக்குக் கடைசியில் அதுவே எழுந்து வர வேண்டியதாயிற்று. அவ்வளவுதான் விஷயம். இதை அவள் அன்னக்கிளியிடம் சொன்னாள். அன்னக்கிளி உடனே ஹாலுக்குள் போய், பூண்டு நிறுக்க வந்தவளிடம் 'போஸ்டாபீஸ்' என்று சொல்லச் சொல்லி, "என்ன? என்ன?" என்று தொண்டை கட்டும்வரை கேட்டுப் பார்த்தாள். வந்தது போகவில்லை. சட்டியும் வரவில்லை.

அன்றிலிருந்து ராஜபுஷ்பத்துக்கு அது ஒரு வேலை ஆயிற்று. ஆறு பஸ்ஸுக்கும் பதில் சொன்னாள். குளத்தங்கரையில் யாராவது சொன்னால் பதில் சொன்னாள், கல்யாண வீட்டுப் பந்தியில் வாயில் சோற்றோடு பதில் சொன்னாள். சின்னப் பிள்ளைகள் வாசலில் வந்து "டாக்கீஸ்!" என்று கத்திவிட்டு ஓடுவார்கள், கையில் கிடைத்ததை எறிந்துகொண்டே "என்னல?" என்பாள். படம் பார்க்க ஆசைப்பட்ட இளவட்டங்கள் அவளுக்குக் கேட்காத தூரத்தில், பாலத்தில் வரிசையாக உட்கார்ந்து, டாக்கீஸ் டாக்கீஸ் என்று வாய்க்குள் முணுமுணுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு அன்னக்கிளி கூடையோடு போய் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

"டாக்கீஸ்" என்றான் ஒருவன், கொட்டாவி விடுகிற மாதிரி.

"என்ன வேணும்? அவ சோலியா இருக்கா, என்ட்டச் சொல்லு" என்றாள் அன்னக்கிளி.

நாலு நாளில் அவர்களுக்குச் சலித்துவிட்டது. பாலத்திலிருந்து குதித்துக் குளிக்கப் போய்விட்டார்கள். வெளிச்சம் ஒரு ஊசி அளவுக்கு வந்து, கோதுமை மெஷினுக்கு மேலே நின்றுகொண்டது. முழுசாகப் போகவும் இல்லை. சுடலைக்கண்ணு மட்டும், "ஊருக்கு வர வேண்டியத ஒத்தப் பொம்பள வாசல்ல நின்னு மறிச்சிட்டா" என்று அட்டைத் துண்டுகளை முன்னிலும் கோபமாகக் கிழித்தார். அவள் பதில் சொல்வதையும் ஊர் வழக்கமாக்கிக்கொண்டது. இப்போது அவளை எல்லாரும் டாக்கீஸ் என்றே கூப்பிட்டார்கள், டாக்கீஸ் அக்கா, டாக்கீஸ் மைனி, சேர்மக்கனிகூட மும்பையிலிருந்து போன் போட்டு, யாரோ சொல்லிக் கொடுத்ததை வைத்து, "என்ன டாக்கீஸ், சாப்ட்டியா?" என்றான். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னாள். சுருக்கமான பேர், எல்லாருக்கும் விளங்கியது.

தை மாதம் ரேஷன் கடையில் வேட்டி சேலை கொடுத்தார்கள். ஐம்பது பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் அட்டையைப் பார்த்துப் பேர் வாசித்தார்.

"ராஜபுஷ்பம்."

யாரும் எழவில்லை. டாக்கீஸ் அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு, யார் அது, கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டாமா என்று முன்வரிசையைப் பார்த்தாள்.

"ராஜபுஷ்பம். ஏ யம்மா, ராஜபுஷ்பம் இருக்காவளா, இல்லையா?"

அன்னக்கிளி அவள் விலாவில் இடித்தாள். "ஏட்டி டாக்கீஸு, ஒன்னயத்தான்."

அவள் எழுந்து ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுச் சேலையை வாங்கிக்கொண்டாள். அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கூப்பிட்டது எத்தனை தடவை? தனக்குக் கேட்டது இரண்டு, கேட்காமல் எத்தனையோ. வங்கியில், ஆஸ்பத்திரியில், கரண்ட் ஆபீசில், இந்த மூன்று மாதமாக அந்தப் பேரை எங்கெங்கே யார் யார் கூப்பிட்டார்களோ, யார் பதில் சொன்னார்களோ. சேலையைக் கக்கத்தில் இடுக்கியபடி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்ததும் வாசனை அடித்தது. பீடியும் இல்லை, வறுகடலையும் இல்லை. புதுப் பெயிண்ட் வாசனை. நீலத் தகரத்தில் மஞ்சள் பெயிண்ட் காயும்போது, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மூக்கில் ஏறிய அதே வாசனை. அரிசி மெஷினுக்குப் பக்கத்தில் மாவு படிந்த தரையில், சின்னதாக இரண்டு பாதத்தின் தடம், இன்னும் அழுந்தாமல், நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி மேலாகப் பதிந்திருந்தது. அவள் தன் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

யாரும் பதில் சொல்லாத அந்தப் பேருக்கு இவள் எழுந்து வந்துவிட்டால் நான் எங்கே போவேன் என்று அவள் நினைத்தாள். அன்னக்கிளியின் சட்டி போன இடத்துக்குத்தான். வெளியே மூன்றரை மணி பஸ் வந்து நின்று "டாக்கீஸ்!" என்றது. அவள் திரும்பாமலே "என்ன?" என்றாள். கோதுமை மெஷினுக்கு மேலே ஊசி வெளிச்சம் ஒடுங்கியது. தடம் அப்படியே இருந்தது.

"இனிமே இது வேறயா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த ஊருல ஒரு மனுசி மாவு திரிப்பாளா, பதில் சொல்லுவாளா?"

பிறகு வாசலுக்கு வந்து, போர்டுக்குக் கீழே நின்று, அண்ணாந்து, ஊரில் ஒருவரும் வாசிக்காத அந்தப் பேரை எழுத்துக்கூட்டி, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"ராஜபுஷ்பம்!"

கூப்பிட்டுவிட்டு உள்ளே ஓடி, தடத்தின்மேல் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி நின்று, அதே அலுப்போடு, அதே சத்தத்தில் பதில் சொன்னாள்.

"என்னட்டி? இங்கனதான் நிக்கேன்."